முழங்கால் உயர வெட்டு

முதுகில் ஊசி போட்ட ஒன்பதாம் நாள் நான் மறுபடியும் வாளியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன். இரண்டு வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டு தோட்டத்து ஆபீசில் இருந்தது. வரச் சொன்னவர் மேல் எனக்குக் கோபம். போன என் மேல் அதைவிடக் கோபம். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்றுதான் மகள் பாதியில் விட்ட கொப்பியொன்றை எடுத்து இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிறது. ரப்பர்த் தோட்டம். நானும் என் மனைவியும் பால் வெட்டுகிறோம். பால் வெட்டுவது பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மரத்தின் பட்டையில் சாய்வாக ஒரு கோடு வெட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தக் கோட்டின் கீழே நூல் அளவு பட்டையைச் சீவி எடுப்போம். பால் வழிந்து சிரட்டையில் விழும். புது மரத்தில் அந்தக் கோடு நெஞ்சு உயரத்தில் தொடங்கும். சீவச் சீவ அது இறங்கும். சில வருடங்களில் இடுப்புக்கு வரும், பிறகு முழங்காலுக்கு வரும். ஆகவே எங்களுக்கு வெட்டுவதற்கு ஒரு மலையைப் பிரித்துக் கொடுத்தால், நாங்கள் முதலில் கேட்பது மரம் எத்தனை என்பதல்ல. “வெட்டு எங்க நிக்குது?” என்பதுதான்.

என்னுடைய ஒன்பதாம் நம்பர் மலையில் வெட்டு முழங்காலில் நின்றது. ஒவ்வொரு மரத்தின் முன்னும் குனிந்து, குனிந்தபடியே மரத்தைச் சுற்றிப் பின்னால் நகர்ந்து, கத்தியை இழுக்க வேண்டும். சரிவான நிலம். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. முன்னூறு மரம். வெட்டும்போது ஒரு தடவை குனிவது, பால் எடுக்கும்போது இன்னொரு தடவை. அப்புறம் இரண்டு கையிலும் வாளியோடு நிறுக்கிற கொட்டகை வரைக்கும் இறக்கம்.

வலி இடது பிட்டத்தில் ஆணி அடித்தது போலத் தொடங்கியது. அங்கிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்புறத்தைச் சுற்றிக்கொண்டு, பெருவிரலில் போய் எரிந்தது. தும்மினால் கரண்ட் அடித்தது. பஸ்ஸில் உட்கார முடியாமல் இடம் இருந்தும் நின்றுகொண்டு போனேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் சட்டையைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் இடுப்பில் ஒரு ஊசியும் பொட்டலத்தில் குளிசையும் கொடுப்பார்கள். வலி இரண்டு நாள் மறையும். அந்த இரண்டு நாளும் நான் குனிந்து வெட்டுவேன். இப்படியே இரண்டு வருடம் போனது. என்ன வேலை செய்கிறாய், எப்படிக் குனிகிறாய் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவருக்கு ரப்பர் மரம் எப்படி இருக்கும் என்று தெரியாதா? ஜன்னலைத் திறந்தால் மரம்.

கடைசியில் என் மனைவிதான் என்னை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேனுக்குப் பெயர் எழுதி மாதக் கணக்கில் காத்திருந்து, அதன் பிறகு ஒரு டொக்டரிடம் அனுப்பினார்கள். இளம் வயது. சிங்களப் பெண். மேசையில் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு வைத்திருந்தார். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற ஒன்று பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அமுக்குகிறது, நரம்பு வீங்கிப் போயிருக்கிறது என்று சிங்களத்தில் விளக்கினார். ஸ்டீரொயிட் என்ற மருந்தை அந்த நரம்பின் பக்கத்திலேயே ஊசியால் விட்டால் வீக்கம் இறங்கும் என்றார். சிலருக்கு மாதக் கணக்கில் வலி இருக்காது, சிலருக்குக் கொஞ்ச நாள்தான், சிலருக்கு ஒன்றும் ஆகாமலும் போகும் என்றும் சொன்னார்.

“ஆனால் இது பிதுங்கினதை உள்ளே தள்ளாது. வலி போனதும் சுகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வலி இல்லாத நாட்களில்தான் பயிற்சி செய்து முதுகைப் பலமாக்க வேண்டும். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. விளங்கியதா?”

விளங்கியது. எனக்குச் சிங்களம் தெரியாததால்தான் எல்லாம் தப்பாகப் போனது என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் பேசிப் பேசி அது எனக்குத் தமிழ் மாதிரியே வரும். இரண்டு மொழியிலும் எனக்கு வாய் திறக்காது, அவ்வளவுதான்.

ஊசி போட்ட அன்று வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் டீவி மாதிரி ஒரு திரையில் என் எலும்பு தெரிந்தது. முதுகில் சில்லென்று ஏதோ தடவினார்கள். விறைக்க வைக்கிற சின்ன ஊசி, பிறகு நீள ஊசி. குத்தின வலி பெரிதில்லை. யாரோ கட்டைவிரலால் உள்ளேயிருந்து அமுக்குவது போல இருந்தது. மருந்து இறங்கும்போது என் பழைய வலி எழும்பி, பிட்டத்திலிருந்து பெருவிரல் வரைக்கும் ஓடியது.

“வழமையாகப் போகிற வழிதானா?” என்று கேட்டார் டொக்டர்.

“ஔ மிஸ்.” ஆமாம் என்றேன்.

“நல்லது. அப்படியென்றால் சரியான இடத்தில் இருக்கிறோம்.”

என் வலிக்கு ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்து முதன்முதலில் ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான். அந்த மேசையில் குப்புறக் கிடந்தபடி எனக்கு அழுகை வந்தது. வலியில் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் என் தோளைத் தட்டினார்.

முதல் இரண்டு நாள் வலி கூடியது. நாலாம் நாள் குறைந்தது. ஆறாம் நாள் காலையில் நான் ஒற்றைக் காலில் நின்று கால்சட்டை போடுவதைப் பார்த்து என் மனைவி சிரித்தாள்.

“பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ள மாதிரி நிக்கிறீங்க. எங்க போறீங்க?”

“பீலிக்குத் தண்ணி எடுக்க.”

“தண்ணிய நான் எடுக்குறேன். நீங்க ஒக்காருங்க. அந்த மிஸ் சொன்னது காதுல விழல?”

உட்காரவில்லை. வலி இல்லாமல் நடப்பது அவ்வளவு ருசியாக இருந்தது. நாங்கள் குடியிருக்கிற லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் சும்மாவே நடந்தேன். அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான், எட்டாம் நாள், எங்கள் வேலையை மேற்பார்க்கிற ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“என்னப்பா, குதிர மாதிரி நடக்குறே! ஊசி வேல செஞ்சிருச்சு போல?”

“ஆமாங்க ஐயா.”

“நல்லா இருக்கேதானே?”

“நல்லா இருக்கேங்க ஐயா.”

“அப்ப நாளைக்குப் பெரட்டுக்கு வா. ஒம்பதாம் நம்பர்ல ஒன் மரமெல்லாம் சும்மா நிக்குது.”

“சரிங்க ஐயா.”

பெரட்டு என்பது காலையில் பெயர் கூப்பிட்டு மலை பிரித்துக் கொடுக்கிற இடம். நான் “சரிங்க” என்று சொன்னதை என் மனைவி வீட்டுக்குள் இருந்து கேட்டுவிட்டாள்.

“ரெண்டு வாரம்னு துண்டு இருக்குன்னு சொல்லலியா?”

“துண்டு ஆபீஸ்லதானே இருக்கு. அவருக்குத் தெரியுந்தானே.”

“துண்டு ஆபீஸ்ல இருக்கு. ஒங்க வாயி எங்க இருந்துச்சு?”

என் வாய் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவோடு பெரட்டுக்குப் போயிருக்கிறேன். துரை வந்து பார்க்கிற நாளில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும் எல்லோரும் ஒரே குரலில் “நல்லா இருக்கோம்ங்க” என்பார்கள். காய்ச்சலோடு நிற்பவரும் சொல்வார், கையில் கட்டுப் போட்டவரும் சொல்வார். நல்லா இல்லை என்றால் அன்றைக்குப் பெயர் விழாது, சம்பளமும் இல்லை. இரண்டு மூன்று தடவை சொன்னால் சோம்பேறி என்று பெயர் விழும், அது வாழ்நாள் முழுக்க நிற்கும். அப்படிச் சொல்லியே வளர்ந்த ஆட்கள் நாங்கள். மேலே இருப்பவர் யார் கேட்டாலும், என்ன கேட்டாலும், நல்லா இருக்கிறோம். இதை மரியாதை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்பதாம் நாள் போனேன். முதல் கிழமை, ஏழு நாளும், ஒன்றும் தெரியவில்லை. வலி இல்லாததால் முன்பைவிட வேகமாகக் குனிந்தேன். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுக்கிற அறைக்கு வாரம் ஒருநாள் வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் போகவில்லை. வலியே இல்லை, பிறகு எதற்கு என்று நினைத்தேன். மூன்றாம் கிழமை பெருவிரல் மரத்தது. ஐந்தாம் கிழமை தொடையில் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது.

ஆறாம் கிழமை கிளினிக். என் மனைவிக்கு அன்று வர முடியவில்லை. வெளியே வாங்குகளில் உட்கார்ந்தபடி ஐம்பது அறுபது பேர். டொக்டர் மிஸ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“கொஹொமத?” எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்.

“ஹொந்தாய் மிஸ்.” நல்லா இருக்கிறது.

“வலி?”

“இல்லை.”

“வேலைக்குப் போகிறீர்களா? குனிய வேண்டி வருகிறதா?”

“கொஞ்சம்.”

அவர் கார்டில் எழுதினார். பயிற்சியை விடாதீர்கள் என்றார். நான் தலையாட்டினேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். கதவுக்கு வெளியே வந்தபோது இடது செருப்பு காலை விட்டுக் கழன்று உள்ளேயே கிடந்தது. விரலுக்கு உணர்வு இல்லாததால் கழன்றது தெரியவில்லை. திரும்பிப் போய், மன்னிப்புக் கேட்டு, செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன், “மிஸ், என் கால் மரத்துப் போயிருக்கிறது” என்று ஒரு வரி சொல்லவில்லை.

அதற்கு அடுத்த மாதம் விழுந்தேன். இரண்டு வாளியும் நிறைந்திருந்தது. இறக்கத்தில் இடது பாதம் மேலே எழும்பாமல் வேரில் இடறியது. பால் முழுவதும் சருகின் மேல் வெள்ளையாக ஓடியது. நான் எழும்ப முடியாமல் அந்தப் பாலிலேயே கிடந்தேன். பக்கத்து லயத்து அக்காதான் ஓடிவந்து தூக்கினார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எங்களுக்குக் கீழே, புதிதாக வெட்டத் திறந்த மலையில் வெட்டுகிறவர். நிறுக்கிற கொட்டகைக்கு வெறும் வாளியோடு போய்ச் சேர்ந்தோம். ஐயா அங்கே இருந்தார்.

“ரெண்டு வாளியும் போச்சா? நேத்துப் போட்டது இன்னும் எறங்கல போல!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குடிப்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தார்கள்.

“அவரு தண்ணி போடுற ஆளு இல்லைங்க ஐயா,” என்றார் அக்கா. “அவருக்குக் கால் வெளங்கல. மொழங்கால் வெட்டுல அவர விட்டா விழாம என்ன செய்வாரு?”

“ஒன்னக் கேட்டேனா?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “அப்ப கவுர்மெண்டு ஊசிய வீணாக்கிட்டே.”

அந்தச் சொல் என்னைச் சுட்டது. குடித்தேன் என்றதைக்கூட விட்டுவிடலாம். ஊசியை வீணாக்கினது யார்? எட்டாம் நாள் மோட்டார் சைக்கிளை நிறுத்தினது யார்? வீட்டுக்கு வந்து சுவருக்கு முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டு, அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்களையெல்லாம் மனதுக்குள் சொன்னேன். அங்கே நான் நன்றாகப் பேசுவேன்.

இந்தத் தடவை கிளினிக்குக்கு என் மனைவி வந்தாள். பஸ்ஸில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் பக்கத்தில் நின்று காதுக்குள் சொன்னாள்:

“இன்னைக்கு ‘ஹொந்தாய்’னு மட்டும் சொல்லிப் பாருங்க. ஒங்கள அங்கயே விட்டுட்டு நான் வந்துருவேன். அந்த மிஸ்ஸே வச்சுச் சோறு போடட்டும்.”

டொக்டர் கேட்டார்: “கொஹொமத?”

சொல் வாய்க்கு வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. என் மனைவி மேசைக்குக் கீழே என் இடது பாதத்தை மிதித்தாள். எனக்குத் தெரியவில்லை. அவள் கண்ணை உருட்டிப் பார்த்ததைக் கண்டு கீழே குனிந்து பார்த்தபோதுதான் அவள் குதிகால் என் விரல் மேல் இருந்தது தெரிந்தது.

“பாத்தீங்களா மிஸ், நான் மிதிக்கிறதுகூட இவருக்குத் தெரியல,” என்றாள் என் மனைவி சிங்களத்தில். “நல்லா இருக்குன்னு இவர் சொன்னா நம்பாதீங்க. கழுத்தை அறுத்துப் போட்டாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்வார்.”

டொக்டர் பேனாவை வைத்தார். கட்டிலில் படுக்க வைத்து, காலைத் தூக்கி, பெருவிரலை மேலே மடக்கச் சொன்னார். அவருடைய ஒரு விரலுக்கு எதிராக என் விரல் நிற்கவில்லை. எப்படிப்பட்ட வேலை என்று கேட்டார். ரப்பர் வெட்டு என்றேன். அவர் தலையை ஆட்டிய விதத்தில் அவருக்கு அது தெரியாது என்று விளங்கியது. அறையின் மூலையில் சேலைன் மாட்டுகிற கம்பி நின்றது. எழுந்து போய் அதன் முன்னால் நின்றேன். அவருடைய பேனாவைக் கேட்டு வாங்கிக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டு, முழங்கால் உயரத்துக்குக் குனிந்து, குனிந்தபடியே கம்பியைச் சுற்றிப் பின்னால் நகர்ந்து காட்டினேன். பாதிச் சுற்றில் வலி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கம்பியின் சக்கரம் உருண்டது. என் மனைவி என்னைப் பிடித்தாள்.

“இப்படி எத்தனை தடவை?”

“முன்னூறு. பால் எடுக்கும்போது இன்னும் முன்னூறு.”

அவர் என் கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?”

“நீங்க இப்படிக் கேக்கல மிஸ். நானும் சொல்லல.”

அதுதான் ஒரு டொக்டரிடம் நான் பேசிய முதல் உண்மையான பேச்சு. அவர் கோபப்படவில்லை. இன்னொரு ஊசி போடலாம், ஆனால் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்க முடியாது என்றார். பாதம் முழுவதும் தொங்கினாலோ சிறுநீர் அடைத்தாலோ நாள் பார்க்காமல் ஓடி வர வேண்டும், ஒப்பரேஷன் செய்யும் டொக்டரும் ஒருமுறை பார்க்கட்டும் என்று எழுதினார். பிறகு, “எல்லா மரத்திலும் வெட்டு கீழேதான் இருக்குமா?” என்று கேட்டார்.

“இல்லை மிஸ். புது மலையில் நெஞ்சு உயரத்தில்.”

“அப்படியென்றால் அதை எழுதித் தருகிறேன். மரத்தின் உயரத்துக்கு நான் இதுவரை மருந்துச் சீட்டு எழுதியதில்லை,” என்று சிரித்தார். இடுப்புக்குக் கீழே வெட்டு உள்ள மரம் இவருக்குக் கொடுக்கக் கூடாது என்று சிங்களத்தில் எழுதி முத்திரை குத்தினார்.

இரண்டாவது ஊசி போட்டு, இந்தத் தடவை சொன்ன நாளெல்லாம் படுத்து எழும்பி, வாரம் தவறாமல் பயிற்சி அறைக்குப் போய், அதன் பிறகுதான் பெரட்டுக்குப் போனேன். கடிதத்தை ஐயாவிடம் நீட்டினேன். வாசித்தார்.

“டொக்டர்மாரு இனிமே மலையும் பிரிச்சுக் குடுப்பாங்களோ? நல்லாத்தானே நிக்கிறே?”

சுற்றிலும் முப்பது நாற்பது பேர்.

“நல்லா இல்லைங்க ஐயா.”

“என்னா?”

“எனக்கு நல்லா இல்லைங்க. ஊசியில நிக்கிறேன். மொழங்கால் வெட்டுக்கு நான் போக மாட்டேங்க.”

குரல் உடைந்துதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்: “முடியாதுன்னா அந்தக் கடுதாசிக்குப் பின்னாலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க ஐயா. அந்த மிஸ்கிட்ட காட்டணும்.”

ஐயா கடிதத்தை மடித்தார். என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் பக்கத்து லயத்து அக்காவைத் தேடிப் பிடித்தது அவர் கண்.

“நீதானே அன்னைக்கி இவனுக்காகப் பேசின? அப்ப நீயே ஒம்பதாம் நம்பருக்குப் போ. ஒன் மலைய இவன் வெட்டட்டும்.”

நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொல்லிவிட்டார்: “சரிங்க ஐயா.”

இப்போது நான் நெஞ்சு உயரத்தில் வெட்டுகிறேன். விரலில் உணர்வு பாதிதான் திரும்பியிருக்கிறது. வாளியைப் பாதி நிரப்பி இரண்டு நடையாகக் கொண்டுபோகிறேன். நேரமாகிறது என்று ஐயா திட்டுகிறார், திட்டட்டும். ஆனால் கத்தியை இழுக்கும்போதெல்லாம் மேலே ஒன்பதாம் நம்பரில் ஒருவர் குனிந்துகொண்டிருப்பது தெரிகிறது. எனக்காக ஒரு வார்த்தை பேசினதற்குக் கிடைத்த கூலி அது.

போன கிழமை நிறுக்கிற கொட்டகையில் அக்கா வாளியை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“எப்படிக்கா இருக்கு?”

“நல்லா இருக்கேன்பா.”

“பொய் சொல்லாதீங்க!”

நான் கத்திவிட்டேன். கொட்டகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயாவும் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வாயை மூடவில்லை. “எனக்குத் தெரியும்கா. எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க.”

“ஆத்தாடி, ஊசி போட்டதுல ஒனக்கு வாயே வந்துருச்சு!” என்று அக்கா சிரித்தார். சிரித்தபடியே குரலைத் தாழ்த்தி, பிட்டத்தில் கையை வைத்து, தொடைக்குப் பின்னால் இறக்கி, கெண்டைக்காலைச் சுற்றிக் காட்டினார். அதற்குக் கீழே அவரால் குனிய முடியவில்லை.

பெருவிரல் வரைக்கும் போகுமா என்று நான்தான் கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக். அக்காவைக் கூட்டிக்கொண்டு நானும் போகிறேன்.